கடலில் கற்ற மொழி

தாய்மொழி தாயின் மடியிலேயே நம்மை வந்து அடைகின்றது. பிறமொழியையோ நாம் தேடிச் சென்று அடைதல் வேண்டும். அதன் சொற்களைச் சேர்க்க வேண்டும்; படித்ததன் பொருளை உணர வேண்டும்; பின்னர்த் தேர்விலும் நிற்க வேண்டும். இவற்றை நினைத்து அஞ்சும் மாணவர் பலர். இருபது வயது வரையில் ஆங்கிலம் ஏறத்தாழ அறியாதிருந்த ஒருவர், அம்மொழியின் தலைசிறந்த எழுத்தாளருள் ஒருவராக உயர்ந்த வரலாறு அவர்களுடைய அச்சத்தை அகற்ற வல்லது. அவரே ஜோசப் கான்ராட்.

கான்ராட் போலந்து இனத்தவர். 1857-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் பெர்டிச்சிவ் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று உக்ரைன் நாட்டில் உள்ளது. அன்று ரஷியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. போலந்து நாட்டை அண்டைப் பேரரசுகள் மூன்றும் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. தந்தையார் அப்பல்லோ கவிஞர்; நாட்டுப்பற்று மிக்கவர். விடுதலைக்கு உழைத்த குற்றத்திற்காக அவர் 1862-இல் வடக்கே உள்ள வொலொக்தா என்னும் குளிர் மிகுந்த ஊருக்கு நாடு கடத்தப்பட்டார். மனைவியும் நான்கு வயது மகனும் உடன் சென்றனர். அக்கொடுமையில் தாயின் உடல்நலம் குன்றியது. 1865-இல் அவர் உயிர் நீத்தார்.

தனிமையில் வாடிய சிறுவனுக்குப் புத்தகங்களே தோழர் ஆயின. தந்தையார் ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும், விக்டர் ஹியூகோவின் நூல்களையும் போலிஷ் மொழியில் பெயர்த்து வந்தார். ஒருநாள் மேசைமேல் இருந்த கையெழுத்துத் தாள்களைச் சிறுவன் நாற்காலியில் ஏறி எடுத்துப் படித்துக்கொண்டிருந்தான். அறைக்குள் நுழைந்த தந்தையைக் கண்டதும் அவன் நடுங்கினான். அவரோ சினவாமல், அப்பக்கத்தை வாய்விட்டுப் படிக்குமாறு பணித்தார். படிப்பது என்பது எழுத்தின்மேல் கண்ணை ஓட்டுவது மட்டும் அன்று. பொருள் விளங்க, பிறர் கேட்கப் படிப்பதே படிப்பு என்னும் பாடம் அன்று தொடங்கியது. ஆனால் அந்த ஆசிரியரும் நெடுநாள் வாழவில்லை. 1869-இல் தந்தையாரும் மறைந்தார். பதினொரு வயதுச் சிறுவனைத் தாய்மாமன் ததேயுஷ் பொப்ரோவ்ஸ்கி பேணி வளர்த்தார்.

நூல்களில் கண்ட கடல் சிறுவனின் உள்ளத்தை ஈர்த்தது. 1874-இல், பதினேழு வயதும் நிரம்பாத நிலையில், பிரான்சு நாட்டின் மார்சேல் துறைமுகத்தை அடைந்து கப்பலில் தொழில் பயின்றார். ஆயினும் ரஷியக் குடிமகன் என்னும் நிலை அவரை அங்கும் தொடர்ந்தது. ரஷியப் படையில் சேர வேண்டிய கடமை உடையவர் பிரெஞ்சுக் கப்பல்களில் பணிபுரிதல் இயலாது என்று தடை எழுந்தது. நாட்டுக்குத் திரும்பினால் தந்தையை வருத்திய அரசின் படையில் சேர நேரிடும். ஆகவே அவர் ஆங்கிலக் கப்பல் ஒன்றில் இடம் பெற்று, 1878-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இங்கிலாந்தின் கீழ்க்கரையில் உள்ள லோஸ்டாஃப்ட் துறையில் இறங்கினார். கையில் பொருள் இல்லை. நாவில் மொழியும் இல்லை.

நிலக்கரி ஏற்றி லோஸ்டாஃப்டுக்கும் நியூகாசிலுக்கும் இடையே ஓடிய சிறு பாய்க்கப்பல் ஒன்றில் அவர் சாதாரண மாலுமியாகச் சேர்ந்தார். அக்கப்பலே அவருடைய முதல் ஆங்கிலப் பள்ளி. மீனவரும், கப்பல் தச்சரும், மாலுமியருமே ஆசிரியர். பாய்க்கப்பலில் ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒவ்வொரு பாய்க்கும் தனித்தனிப் பெயர் உண்டு. காற்று மாறும் வேளையில் எழும் கட்டளையை உடனே உணர்தல் வேண்டும். ஒரு கயிற்றுக்கு மாறாக மற்றொன்றை அவிழ்த்தால் கப்பலுக்கே கேடு விளையும். ஆகவே அங்குக் கற்ற சொல் ஒவ்வொன்றும் பொருளோடும் செயலோடும் பிணைந்து நெஞ்சில் பதிந்தது. பட்டியலில் மனப்பாடம் செய்த சொல் மறந்து போகலாம். கையால் பிடித்து இழுத்த கயிற்றின் பெயர் எவ்வாறு மறக்கும்?

செவியால் கற்றதோடு அவர் நின்றுவிடவில்லை. ஸ்டாண்டர்டு என்னும் இலண்டன் செய்தித்தாளைத் தொடர்ந்து படித்து வந்தார். மாலுமியரிடம் கேட்ட பேச்சு மொழியோடு அச்சில் வந்த எழுத்து மொழியும் சேர்ந்தது. செவியும் கண்ணும் ஒன்றுக்கொன்று துணையாயின.

கப்பல் தொழிலில் உயர வேண்டுமானால் பிரிட்டிஷ் வாணிக வாரியத்தின் தேர்வுகளில் வெற்றி பெறுதல் வேண்டும். அவை கடல் தொழிலுக்குரிய தேர்வுகள். ஆயினும் வினாவும் விடையும் ஆங்கிலத்திலேயே அமைந்தன. அனுபவம் முதிர்ந்த கப்பல் தலைவர் ஒருவர் எதிரே அமர்ந்து வாய்மொழியாகவும் வினாக்கள் தொடுப்பார். கான்ராடுக்கோ இது தேர்வுக்குள் அமைந்த மற்றொரு தேர்வு. இங்கிலாந்தில் கால் வைத்த இரண்டு ஆண்டுகளுக்குள், 1880-ஆம் ஆண்டு மே திங்களில், இரண்டாம் துணைத்தலைவருக்குரிய தேர்வை அவர் எழுதினார். வாய்மொழித் தேர்வு மணிக்கணக்கில் நீண்டது. எனினும் அவர் வெற்றி பெற்று வெளிவந்தார்.

வெற்றி பெற்றபின் புத்தகத்தை மூடி வைப்பவர் பலர். கான்ராட் அவ்வாறு செய்யவில்லை. அவர் பணியாற்றிய பாலஸ்தீன் என்னும் கப்பல் புயலில் சிக்கிப் பழுதுற்று, ஃபால்மத் துறையில் பல திங்கள் தங்கியது. தொழிலாளர் மரச்சுத்தியால் பலகை இடுக்குகளை அடைக்கும் ஓசை நாள் முழுவதும் காதைத் துளைத்தது. அவ்விரைச்சலுக்கு இடையே, கிடைத்த சிறு பொழுதுகளில், ஐந்து ஷில்லிங் விலையுள்ள ஒரே தொகுதியான ஷேக்ஸ்பியர் நூலை அவர் படித்தார். சிறுவயதில் தந்தையின் மொழிபெயர்ப்பில் கண்ட கவிஞரை இப்பொழுது அக்கவிஞரின் மொழியிலேயே கண்டார். அமைதியான அறை கிடைத்தால்தான் படிக்க முடியும் என்போர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்த்தல் நன்று.

1884-இல் அவர் ரிவர்ஸ்டேல் என்னும் கப்பலில் நம் சென்னைக்கும் வந்தார். அக்கப்பலின் தலைவரோடு மனவேறுபாடு ஏற்பட்டதால் பணியைத் துறந்து, புகைவண்டி ஏறிப் பம்பாய் சென்று, நார்சிசஸ் என்னும் கப்பலில் சேர்ந்தார். அப்பயணத்தை அடிப்படையாகக் கொண்ட நாவல் பின்னர் 1897-இல் வெளிவந்தது.

1884-ஆம் ஆண்டு நவம்பரில் முதல் துணைத்தலைவர் தேர்வுக்கு அமர்ந்தார், தவறிவிட்டார். கப்பலின் நாள் ஓட்டத்தைக் கணக்கிடும் பகுதியே அவரை வீழ்த்தியது. ஆனால் சில நாள்களிலேயே மீண்டும் அமர்ந்து தேறினார். இத்தேர்வைப் பற்றித் தம் நினைவு நூலில் அவர் சுவையாக எழுதியுள்ளார். தேர்வாளர் ஒரு கற்பனைக் கப்பலைக் கூறி, அதன்மேல் துன்பத்தின்மேல் துன்பமாக ஏற்றிக்கொண்டே சென்றாராம். ஒவ்வொரு சொல்லையும் கூர்ந்து கேட்டு, நிலைமையை மனக்கண்ணில் கண்டு, ஏற்ற வழியைக் கான்ராட் கூறி வந்தார். இறுதியில் இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று அவர் கூறவே, இறைவனைத் தொழுவதற்கு எப்பொழுதும் இடம் உண்டே என்று தேர்வாளர் கூறினாராம். வினாவின் பொருளை உணர்ந்தவரே விடையை நோக்கி நடக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

1886-இல் கப்பல் தலைவர் தேர்விலும் முதன்முறை தோல்வியே கிடைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் பிரிட்டிஷ் குடிமகன் ஆனார். நவம்பரில் அத்தேர்விலும் வென்றார். தம் தோல்விகள் இரண்டையும் அவர் நினைவு நூலில் குறிக்கவே இல்லை; பிற்காலத்தார் பழைய பதிவேடுகளிலிருந்து அவற்றை அறிந்தனர். பெரியோர்க்கும் தோல்வியை மறைக்கத் தோன்றும் போலும்! ஆயினும் நமக்கு அவருடைய வெற்றிகளைவிட, தோல்விக்குப்பின் அவர் மீண்டும் தேர்வுக் கூடத்தின் வாயிலை அடைந்த செயலே சிறந்த பாடம் ஆகும்.

1889-இல் அவர் முதல் நாவலை எழுதத் தொடங்கினார். கப்பல் பயணங்களுக்கு இடையே அது மெல்ல மெல்ல வளர்ந்து, ஆல்மேயரின் மயக்கம் என்னும் பொருள்படும் பெயருடன் 1895-இல் வெளிவந்தது. அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தேழு. 1900-இல் லார்டு ஜிம், 1904-இல் நாஸ்ட்ரோமோ முதலிய நாவல்கள் தொடர்ந்தன. போலிஷும் பிரெஞ்சும் அறிந்த பின்னர் மூன்றாவதாகக் கற்ற மொழியில் அவர் அழியாப் புகழ் பெற்றார். ஆயினும் அவருடைய பேச்சில் அயல்நாட்டு ஒலிப்பு இறுதி வரையில் நீங்கவில்லை. ஒலிப்பில் குறை இருந்தமையால் அவர் எழுதத் தயங்கவும் இல்லை. 1924-இல் ஆங்கில அரசு வழங்க முன்வந்த சர் பட்டத்தை ஏற்க மறுத்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 3-ஆம் நாள் காலமானார். கான்டர்பரி நகரில் அடக்கம் செய்யப்பெற்றார்.

சொல்லைப் பொருளோடு சேர்த்துக் கற்றல், கேட்டதை ஏட்டிலும் கண்டு தெளிதல், நல்ல நூல்களை இடைவிடாது பயிலுதல், தவறினால் மீண்டும் முயலுதல் என்பனவே கான்ராட் கண்ட வழிகள். அவற்றுக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. ஐந்து ஷில்லிங் நூல் ஒன்றும், அன்றாடச் செய்தித்தாளும், தளராத உள்ளமும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. தேர்வு ஒருநாளில் முடிந்துவிடும். அதற்காக உழைத்துப் பெற்ற மொழியோ வாழ்நாள் முழுவதும் உடன் வரும்.