தம் கையால் கருவி செய்த அறிஞர்

நுழையும் முன்

ஈஜிபுராவில் வாழும் நாம் வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் பேசுகிறோம். ஓய்வு நேரத்தில் ஹெட்போனைச் செவியில் பொருத்திப் பாட்டுக் கேட்கிறோம். நம்முள் சிலர் எஸ்.பி. சாலைக் கடைகளில் மின்தடை, மின்தேக்கி முதலிய சிறு உறுப்புகளை வாங்கி, ஈயத்தை உருக்கிப் பற்றவைத்து, ஹெட்போனுக்கு ஏற்ற ஒலிபெருக்கியைத் தாமே அமைக்கவும் முயல்கின்றனர். இத்தகைய உறுப்புகள் எந்தக் கடையிலும் கிடைக்காத காலத்தில், கண்ணுக்குப் புலப்படாத அலைகளை உணரும் கருவிகளைத் தாமே ஆக்கிய ஓர் அறிஞரின் வரலாற்றை இப்பாடத்தில் கற்போம்.

பாடம்

ஜகதீச சந்திர போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். அவர் பிறந்த பகுதி இன்று வங்காளதேசத்தில் உள்ளது. தந்தை பகவான் சந்திர போஸ் உயர்ந்த அரசுப் பணியில் இருந்தவர். வசதி படைத்தோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதிய காலம் அது. பகவான் சந்திரரோ தம் மகனை முதலில் வங்கமொழிப் பள்ளியில் சேர்த்தார். தாய்மொழியையும் தம் மக்களையும் அறிந்த பின்னரே அயல்மொழியைக் கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அப்பள்ளியில் மீனவர் ஒருவரின் மகனும், தந்தையிடம் பணிபுரிந்த ஏவலர் ஒருவரின் மகனும் ஜகதீசரின் அருகில் அமர்ந்து பயின்றனர். பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் ஆகியவற்றைப் பற்றி அவர்கள் கூறிய செய்திகள் சிறுவனின் உள்ளத்தில் இயற்கையை ஆராயும் வேட்கையை விதைத்தன.

கல்கத்தாவிலும், பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் கற்றுத் தேர்ந்த போஸ், 1885ஆம் ஆண்டு கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அங்கே ஆங்கிலேயப் பேராசிரியருக்கு ஓர் ஊதியமும் இந்தியருக்கு அதனினும் குறைந்த ஊதியமும் வழங்கப்பட்டன. இந்த வேற்றுமையைப் போஸ் ஏற்கவில்லை. பணியைத் துறக்கவும் இல்லை. வகுப்புகளைச் செவ்வனே நடத்திக்கொண்டே, மூன்று ஆண்டுகள் ஊதியத்தைத் தொடாமல் இருந்தார். குடும்பம் கடன்சுமையில் இருந்த நிலையிலும் அவர் உறுதி தளரவில்லை. முடிவில் அரசு இறங்கிவந்தது. முழு ஊதியத்தையும் முன்தேதியிட்டு வழங்கியது.

ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் 1880களின் இறுதியில் மின்காந்த அலைகளை உண்டாக்கிக் காட்டியிருந்தார். அவ்வலைகளை ஆராயப் போஸ் விரும்பினார். ஆனால் கல்லூரியில் அதற்குரிய ஆய்வுக்கூடம் இல்லை. கல்லூரிக் கட்டடத்தின் சிறிய தடுப்பறை ஒன்றே அவருடைய ஆய்வுக்கூடம் ஆயிற்று. எழுதப் படிக்க அறியாத தகரவேலைக் கைவினைஞர் ஒருவரே அவருக்குத் துணைவர். போஸ் திட்டம் வகுப்பார். கைவினைஞர் உலோகத் தகட்டை வெட்டி வளைத்துக் கொடுப்பார். அலையின் நீளம் குறைந்தால் கருவியின் அளவும் குறையும் என்பதை உணர்ந்த போஸ், ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளை உண்டாக்கினார். எனவே அவருடைய கருவிகள் அனைத்தும் ஒரு மேசைமேல் அடங்கின.

கைக்கு எட்டிய எப்பொருளும் அவருக்குக் கருவியாயிற்று. தடித்த புகைவண்டிக் கால அட்டவணை நூல் ஒன்றின் ஏடுகளுக்கிடையே மெல்லிய உலோகத் தாள்களைச் செருகினார். அந்நூலைக் கொண்டு, அலைகள் எத்திசையில் அதிர்கின்றன என ஆராய்ந்தார். வங்காளத்தில் மலிவாகக் கிடைத்த சணல் நாரை முறுக்கி, அலையின் அதிர்வுத் திசை திரும்புவதையும் காட்டினார்.

1895ஆம் ஆண்டு கல்கத்தா நகர மண்டபத்தில் மக்கள் முன்னிலையில் அவர் ஒரு சோதனை நிகழ்த்தினார. கம்பி எதுவுமின்றிச் சென்ற அலைகள், தலைமை தாங்கிய துணைநிலை ஆளுநரின் உடலையும் சுவர்களையும் கடந்து, 75 அடி தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தன, வெடிமருந்தையும் பற்றவைத்தன. ஈராண்டுகளில், அதாவது 1897 ஜனவரியில், இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இக்கருவிகளை அவர் இயக்கிக் காட்டினார்.

அக்காலத்தில் அலையை உணரும் கருவி பெரும்பாலும் உலோகத் துகள் நிரம்பிய குழாயே ஆகும். ஒரு குறிப்பு வந்தவுடன் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; அடுத்த குறிப்பைப் பெற, குழாயைத் தட்டிவிட வேண்டும். போஸ் இரும்பையும் பாதரசத்தையும் கொண்டு, தட்டாமலேயே பழைய நிலைக்கு மீளும் உணர்கருவியை அமைத்தார். அதனுடன் தொலைபேசியின் காதுக்குழலை இணைத்து, அலைக்குறிப்பைச் செவியால் கேட்டறிந்தார். 1899ஆம் ஆண்டு இதனைக் கட்டுரையாக வெளியிட்டார். 1901 டிசம்பரில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்துவந்த குறிப்பை மார்க்கோனி கேட்டபோது பயன்பட்டவையும் பாதரச உணர்கருவியும் காதுக்குழலுமே. அக்கருவிக்குப் போஸின் ஆய்வே மூலம் எனப் பிற்கால ஆய்வாளர் சிலர் நிறுவியுள்ளனர்.

ஈயத்தின் தாதுவாகிய கலீனாப் படிகமும் அலையை உணரவல்லது எனப் போஸ் கண்டார். கண்டறிந்ததைக் காட்டிப் பொருள் ஈட்டுவதை அவர் விரும்பவில்லை. செல்வர் ஒருவர் கூட்டு வணிகத்திற்கு அழைத்தபோதும் மறுத்தார். நண்பர்களின் வற்புறுத்தலால் மட்டும் அமெரிக்கக் காப்புரிமைக்கு இசைந்தார். அது 1904இல் வழங்கப்பட்டது. அதனாலும் அவர் பொருள் ஈட்டவில்லை. பிற்காலத்தில் உலகெங்கும் சிறுவரும் பெரியவரும் ஒரு கலீனாப் படிகம், ஒரு கம்பிச்சுருள், நீண்ட வான்கம்பி, காதுக்குழல் ஆகியவற்றை இணைத்து, மின்கலமே இல்லாத வானொலியைத் தம் வீட்டிலேயே செய்து மகிழ்ந்தனர். வான்கம்பி பற்றும் அலையின் ஆற்றலே காதுக்குழலை ஒலிக்கச் செய்யப் போதுமானதாக இருந்தது.

பின்னர் போஸ் தாவரங்களின் உணர்வை ஆராய்ந்தார். செடியின் நுண்ணிய வளர்ச்சியைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவியை உருவாக்கினார். 1917ஆம் ஆண்டு, தம் பிறந்தநாளில், கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். தாய்மொழியாகிய வங்கத்திலும் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இயற்கை எய்தினார்.

கருவி வரட்டும் எனக் காத்திருந்தால், அச்சிறு தடுப்பறையில் எதுவும் நிகழ்ந்திராது. தகரமும் சணலும் பழைய நூலும் ஒரு கைவினைஞரின் திறனும் போஸுக்குப் போதுமானவையாக இருந்தன. உறுப்புகள் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஊரில் வாழும் நாம், அவற்றோடு அவருடைய பொறுமையையும் சேர்த்துக்கொள்வோமாக.

பயிற்சி

1. போஸின் தந்தை அவரை முதலில் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தது ஏன்?
2. ஊதிய வேற்றுமையைப் போஸ் எவ்வாறு எதிர்த்தார்? அவ்வழியைப் பற்றி உம் கருத்து யாது?
3. துகள் குழாய்க்கும் போஸின் பாதரசக் கருவிக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
4. உம் வீட்டில் பழுதுபார்க்கப்பட்ட அல்லது கையால் செய்யப்பட்ட ஒரு பொருளைப் பற்றிப் பத்து வரிகளில் தமிழில் எழுதுக.