நிலம் கேட்ட பண்டிதர்

மேல்கோட்டைத் திருநாராயணன் ஆலயத்தில் ஆண்டுக்கு மூன்று நாள் நுழையும் உரிமையை ஒடுக்கப்பட்டோர்க்கு இராமாநுசர் அளித்தார் என்றும், திருக்குலத்தார் என்னும் பெயரை அவரே சூட்டினார் என்றும் வைணவ மரபு கூறும். பெயர் உயர்ந்தது, மூன்று நாள் வாயிலும் திறந்தது. ஆயின், எஞ்சிய நாட்களில் உழுதுண்ணத் தமக்கென ஒரு காணி உண்டா என்னும் வினாவை அம்மரபு எழுப்பவில்லை. அவ்வினாவை எழுப்பிய க. அயோத்திதாசப் பண்டிதரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்த பண்டிதரின் இயற்பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே பின்னர்த் தம் பெயராகக் கொண்டார். சித்த மருத்துவத்தில் வல்லவர். நீலகிரியில் பல்லாண்டு வாழ்ந்து, 1891 டிசம்பரில் அங்கே திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார்.

1892இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் மகாஜன சபை கூடியபோது, நீலகிரியின் சார்பில் சென்ற பண்டிதர் ஆலயப் பிரவேசம், இலவசக் கல்வி, தரிசு நிலம் ஆகியவற்றைக் கேட்டார். ஆலயக் கோரிக்கைக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. கல்வியும் நிலமும் பற்றியவை மட்டுமே ஏற்கப்பெற்றன.

அக்காலத்துச் செங்கற்பட்டு நிலைமையை நாம் அறிதல் வேண்டும். தரிசு நிலத்தை வேண்டி எவர் மனுச் செய்தாலும் மிராசுதாரருக்கே முதலுரிமை. குடியிருக்கும் மனைக்கட்டும் பெரும்பாலும் அவர் வசமே இருந்ததால், கூலி உயர்வு கேட்டவன் குடிசையையும் இழக்க நேர்ந்தது. இதனை அங்குக் கலெக்டராயிருந்த டிரமென்ஹீர் 1891இல் விரிவான அறிக்கையாக எழுதினார். அதன்மேல் 1892 செப்டம்பர் 30ஆம் நாள் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று வழங்கப்படுவது இதுவே. பத்தாண்டுகள் அதனை விற்கலாகாது. பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்பது நிபந்தனை.

1898இல் பண்டிதர் ஆல்காட்டுடன் இலங்கை சென்று, சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் தொடங்கிய அவரது இதழ் கோலார் தங்கவயல் தமிழரிடையிலும் தம்மத்தைப் பரப்பியது. ஊரில் நிலமற்று மைசூர் இராச்சியத்துச் சுரங்கத்திற்குப் பிழைக்கப் போனோர் பலர் அவ்விதழை வளர்த்தனர். 1914 மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார்.

நிபந்தனைகள் ஏட்டிலிருந்தும், பஞ்சமி நிலங்களிற் பல பிறர் கைக்குப் போயின. அவற்றை மீட்கக் கோரிய போராட்டத்தில் 1994இல் செங்கற்பட்டுத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். மேல்கோட்டை அடங்கிய கர்நாடகத்திலோ, நிபந்தனை மீறிக் கைமாறிய ஒப்படை நிலத்தை உரியவர்க்கே மீட்டளிக்க 1978இல் சட்டம் வந்தது. காலதாமதம் அதற்குத் தடையாகாதென 2023இல் திருத்தமும் செய்யப்பட்டது.

கூடதந்த சூத்திரத்தில், உழவர்க்கு விதையும் தீனியும் அளித்தல் வேண்டும் என்னும் கருத்தைப் பகவான் விளக்கினார். விதை பெற்றவனுக்கு விதைக்க நிலம் வேண்டாமா? தம் பாட்டனார் பெற்ற பட்டா இன்று எவர் பெயரில் உள்ளதென ஒவ்வோர் ஊரிலும் பதிவேட்டைப் பார்த்தறிய எளியோர்க்கு உதவுதல் நம் சங்கத்தார் கடன். பண்டிதருக்கு நாம் செலுத்தும் வணக்கம் அதுவேயாகுக.