வீதியைத் திருப்பிய வணிகர்

சிக்காகோ என்றதும் நம்மவர் உள்ளத்தில் முதலிலே தோன்றுவது 1893ஆம் ஆண்டின் சர்வசமயப் பேரவையும், அங்கே முழங்கிய சுவாமி விவேகானந்தரும், நம் நாட்டிலிருந்து சென்றிருந்த அநகாரிக தர்மபாலருமேயாவர். அவர்கள் கண்ட அந்நகரத்தின் நடுக் கடைவீதி தானாக முளைத்ததன்று. அதை அவ்விடத்தில் இருத்தியவர் ஒருவர் உளர். பொட்டர் பாமர் என்னும் அவ்வணிகரின் வரலாறு நம்மிடையே அதிகம் பேசப்படாதது. அதனைச் சுருக்கமாகச் சொல்ல முற்படுகிறேன்.

நியூ யோர்க் மாநிலத்தில், குவேக்கர் நெறியைச் சார்ந்த விவசாயக் குடும்பத்தில், 1826ஆம் ஆண்டு மே மாதம் பிறந்தவர் பாமர். தமது 26ஆம் வயதில், 1852இல், சிக்காகோவுக்கு வந்தார். அப்போது அது சேற்று நிலத்திலே எழும்பிக்கொண்டிருந்த மரவீட்டு நகரம். லேக் வீதியில் அவர் ஒரு புடைவைக் கடை திறந்தார். அக்காலத்து வணிகர் பெண்களைப் பொருட்படுத்துவதில்லை. பாமரோ அவர்களையே தம் வாடிக்கையாளராகக் கருதினார். வாங்கிய பொருள் பிடிக்காவிடில் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்றார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபின் வாங்கவும் இடங்கொடுத்தார். ஏனைய கடைக்காரர் இதைப் பைத்தியக்காரத்தனம் என்று எண்ணினர். அவரோ செல்வரானார். உள்நாட்டுப் போர்க் காலத்தில், விலை ஏறுமென்று முன்னறிந்து, கடன்பட்டுப் பருத்தித் துணிகளை வாங்கிக் குவித்ததும் அச்செல்வத்துக்கு ஒரு காரணம். போரினால் வந்த செல்வத்தை நான் புகழ மாட்டேன், மறைக்கவும் மாட்டேன்.

1865இல் உடல்நலங் குன்றவே, மருத்துவரின் சொற்படி வியாபாரத்தை மார்ஷல் பீல்ட், லீவை லைட்டர் என்னும் இரு இளைஞரிடம் ஒப்புவித்து, அவர்களுக்கு முதலும் கொடுத்துதவினார். பின்னர் உலகப் புகழ்பெற்ற மார்ஷல் பீல்ட் கடையின் தோற்றுவாய் இதுவே. ஆயினும் பாமரின் பெரிய காரியம் இதன் பின்னரே தொடங்குகிறது.

அந்நாளில் சிக்காகோவின் வியாபாரமெல்லாம் லேக் வீதியிலேயே நடந்தது. ஆற்றை ஒட்டி, அதற்குச் சமாந்தரமாகக் கிழக்கு மேற்காக ஓடும் வீதி அது. கப்பலில் வரும் சரக்கு இறங்குவதற்கு வசதியானது. அதைக் குறுக்கே வெட்டித் தெற்கே செல்லும் ஸ்டேட் வீதியோ ஒடுங்கியது. குடிசைகளும் மதுக்கடைகளும் நிறைந்தது. மதிப்புள்ளோர் அங்கே கால்வைக்கக் கூசினர். எனினும் 1859இலேயே நகரின் முதற் குதிரை டிராம் பாதை அந்த வீதியிலேதான் போடப்பட்டிருந்தது. நகரம் தெற்கு நோக்கி வளரும், வாங்குவோர் டிராமிலே வருவர், கடையின் இடத்தை இனி நிர்ணயிப்பது சரக்கன்று, வாங்குவோரே என்பதைப் பாமர் கண்டார் என்றே நான் கருதுகிறேன்.

அவர் ஆரவாரமின்றிக் காணிகளை வாங்கத் தொடங்கினார். ஏறக்குறைய முக்கால் மைல் நீள வீதிமுகப்பு அவர் கைக்கு வந்தது. அதன் பின்னரே மாநகரசபையை வீதியை அகலமாக்கச் செய்தார். தம் கட்டடங்களைப் பின்னே தள்ளிக் கட்டினார். தள்ள மறுத்த அயற்காணிக்காரரும் இருந்தனர். அதனால் வீதியோரம் சிலகாலம் விழுந்த பற்களைப்போல் ஒழுங்கின்றிக் கிடந்தது. 1868இல் வாஷிங்டன் வீதி மூலையிலே பளிங்கு முகப்புடன் ஒரு மாளிகை கட்டி, ஆண்டுக்கு 50,000 டொலர் வாடகைக்குப் பீல்ட், லைட்டர் இருவருக்கும் கொடுத்தார். பெருங்கடை பெயர்ந்ததும் ஏனைய கடைகளும் பின்தொடர்ந்தன. சில ஆண்டுகளுள் நகரின் கடைத்தெரு திசைமாறியது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வீதி பொதுமக்களுடையது, அதை அகலமாக்கியது மாநகரசபை. அதனால் உயர்ந்த காணிவிலை யாருக்குச் சேர்ந்தது? மதிப்புயரும் இடத்தில் மலிந்த வாடகைக்கு வாழ்ந்தோர் நிலைப்பதில்லை. அக்குடிசைவாசிகளின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. தொலைநோக்கு உடையவருக்குப் பரிசு உண்டு என்பது ஒருபக்க நியாயம். பரிசு முழுவதும் அவருக்கே உரியதா என்பதில் எனக்கு ஐயமுண்டு.

1870இல் பேர்தா ஒனரேயை அவர் மணந்தார். அவருக்கு வயது 44, மணமகளுக்கு 21. புதுமனைவிக்குப் பரிசு என்று சொல்லப்படும் ‘பாமர் ஹவுஸ்’ என்னும் ஹோட்டல் 1871 செப்டெம்பர் 26ஆம் நாள் திறக்கப்பட்டது. 13 நாட்களே அது நின்றது. ஒக்டோபர் 8ஆம் நாள் இரவு மூண்ட பெருந்தீ நகரின் நடுப்பகுதியை விழுங்கியது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். ஒரு லட்சம் பேர் வீடிழந்தனர். பாமரின் வாடகைக் கட்டடங்கள் யாவும் சாம்பலாயின. அவ்வேளை அவர் ஊரில் இல்லை; சகோதரியின் மரணச் சடங்குக்காக நியூ யோர்க் மாநிலம் சென்றிருந்தார்.

கட்டடக் கலைஞர் வான் ஒஸ்டெல் ஹோட்டலின் வரைபடங்களை நிலவறையிலே குழிதோண்டி, மணலும் ஈரக் களிமண்ணும் போட்டு மூடிவிட்டு ஓடினார் என்பர். தீ தணிந்தபின் அவை கருகாது கிடைத்தன. சுட்ட களிமண் ஓடுகளால் உத்தரங்களைக் காக்கலாம் என்னும் எண்ணம் இதிலிருந்தே அவருக்கு உதித்ததாகவும் கூறுவர்.

பாமரிடம் எஞ்சியது வெறும் காணியும் அவர் சொல்லுமே. கனெற்றிக்கட் மாநிலத்து ஆயுட் காப்புறுதிக் கம்பனி ஒன்று அவருடைய கையொப்பத்தை நம்பி 17 லட்சம் டொலர் கடன் கொடுத்தது. அதுவரை தனியொருவருக்குக் கொடுபட்ட கடன்களிலே மிகப் பெரியது என அது பேசப்பட்டது. வாஷிங்டன் வீதி மூலைக் காணியையும் தையல் இயந்திரம் செய்யும் சிங்கர் கம்பனிக்கு விற்றார். இரவிலும் விளக்கொளியில் வேலை நடந்தது. 1873இல் ஏழு மாடியுடன் இரண்டாவது ஹோட்டல் திறந்தது. அதன் சிகையலங்கார மண்டபத் தரையிலே வெள்ளி டொலர்களைப் பதித்திருந்தனர். இந்த ஆடம்பரம் என் மனத்துக்கு ஒவ்வாதது. 1889இல் அங்கு சென்ற ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கும் இதை எள்ளினார்.

பின்னர் 1882 முதல், நகரின் வடக்கே ஏரிக்கரைச் சதுப்பு நிலத்தை வாங்கி, ஏரி மணலால் நிரப்பி, அங்கே கோட்டை போன்றதொரு மாளிகை எழுப்பினார். செல்வர் அவரைத் தொடர்ந்து அங்கே குடிபெயர்ந்தனர். ஸ்டேட் வீதியில் செய்ததையே அவர் மறுபடியும் செய்தார். விவேகானந்தர் சென்ற அதே உலகக் கண்காட்சியின் மாதர் சபைக்குப் பேர்தாவே தலைவி.

1902 மே 4ஆம் நாள் பாமர் காலமானார். 80 லட்சம் டொலர் பெறுமதியான சொத்தை மனைவிக்கு விட்டுச் சென்றார். 1918இல் இறக்கும்வரை அவ்வம்மையார் அதனைப் பெருக்கியே வைத்திருந்தார். ஏரிக்கரை மாளிகை 1950இல் இடிக்கப்பட்டது; ஸ்டேட் வீதி மூலையிலே மூன்றாவது பாமர் ஹவுஸ் 1925 முதல் நிற்கிறது.