ஒன்பது பேல் சரக்குக்குக் கிடைத்த பெயர்



அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் நம்ம மதராசில் துணி வியாபாரக் கம்பெனியில் குமாஸ்தாவாக வந்து சேர்ந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எலிஹு யேல் என்ற அந்த மனிதர் 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். பனியன் ஊரில் படிக்கிற நமக்கு இவர் கதை அவ்வளவு அந்நியமாக இருக்காது.

கதையை இவருடைய பாட்டியிடமிருந்து தொடங்க வேண்டும். பாட்டி ஆன் லாயிட், இங்கிலாந்தில் செஸ்டர் நகரத்து பிஷப்பின் மகள். முதல் கணவர் தாமஸ் யேல், வேல்ஸ் நாட்டில் ரெக்ஸம் பக்கம். அவர் இறந்த பிறகு தியோபிலஸ் ஈட்டன் என்ற லண்டன் வியாபாரியை மணந்துகொண்டார். ஈட்டன் ஒரு பியூரிட்டன். அரசாங்கத்துச் சர்ச்சோடு ஒத்துப்போக முடியாத கூட்டம் அது. அந்தக் காலத்தில் சுமார் 20,000 பேர் இப்படி இங்கிலாந்தை விட்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியிருக்கிறார்கள். ஈட்டனும் ஜான் டேவன்போர்ட் என்ற பாதிரியாரும் சேர்ந்து ஒரு குழுவையே கூட்டிக்கொண்டு 1637-இல் ஹெக்டர் என்ற கப்பலில் பாஸ்டன் போய் இறங்கினார்கள். ஆன் தன் முதல் கணவர் வழிப் பிள்ளைகளையும் அழைத்துப் போனார். மறுவருஷம் குவினிபியாக் பழங்குடி மக்கள் வாழ்ந்த கடற்கரையில் நியூ ஹேவன் என்று ஊர் உண்டாக்கினார்கள். ஈட்டன்தான் முதல் கவர்னர்.

விட்டதா பிரச்சனை? தங்கள் மனசுப்படி சாமி கும்பிட வேண்டும் என்று கடல் தாண்டிப் போனவர்கள், அடுத்தவருக்கு அந்த உரிமையைத் தர மறுத்துவிட்டார்கள். பச்சைக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது சரியில்லை என்று ஆன் நினைத்தார். 1645-இல் சபையை விட்டே அவரை விலக்கி வைத்தார்கள். கவர்னர் சம்சாரம் என்று கூடப் பார்க்கவில்லை! மகன் டேவிட் யேல் பாஸ்டனுக்குப் போய் வியாபாரம் செய்தார். அங்கே சர்ச் உறுப்பினருக்கு மட்டுந்தான் ஓட்டு. அதை எதிர்த்து 1646-இல் ராபர்ட் சைல்ட் என்பவர் எழுதிய மனுவில் டேவிட்டும் கையெழுத்துப் போட்டார். அதிலும் வம்பு. 1649 ஏப்ரல் 5 அன்று பாஸ்டனில் எலிஹு பிறந்தார். பிள்ளைக்கு மூணு வயசு ஆகும்போது, 1652 வாக்கில், குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு இங்கிலாந்துக்கே திரும்பிவிட்டது. எலிஹு அதற்கப்புறம் அமெரிக்க மண்ணை மிதிக்கவே இல்லை.

சித்தப்பா தாமஸ் மட்டும் நியூ ஹேவனிலேயே தங்கிவிட்டார். நம்ம மெக்கானிக்கல் நண்பர்களுக்காக ஒரு சேதி: பின் டம்ளர் பூட்டுக்குப் பேடண்ட் வாங்கிய லைனஸ் யேல் (1821-1868) அந்த அமெரிக்கக் கிளையில் வந்தவர்தான். யேல் பூட்டு என்று இன்றைக்கும் விற்கிறதே, அதுவேதான்.

எலிஹு 1672-இல் மதராசுக்கு வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியில் ரைட்டர் வேலை. சம்பளம் வருஷத்துக்கு 10 பவுன். கம்பெனியின் முக்கியமான சரக்கு துணி. லாங்கிளாத், சீட்டித் துணி, மஸ்லின். வேலை நடந்த முறையைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். லண்டனிலிருந்து ஆர்டர் வரும், கூடவே வெள்ளி வரும். காசி வீரண்ணா போன்ற பெரிய வியாபாரிகள் ஒப்பந்தம் எடுப்பார்கள். அவர்கள் தரகர்களிடம் கொடுப்பார்கள், தரகர்கள் ஊர் ஊராகப் போய் நெசவாளிக்கு முன்பணம் கொடுப்பார்கள். துணி கோட்டைக்கு வந்ததும் சாம்பிளோடு ஒப்பிட்டு ரகம் பிரிப்பார்கள். சாம்பிள் மாதிரி இல்லை என்றால் விலையைக் குறைப்பார்கள், இல்லையென்றால் ரிஜெக்ட். பிறகு சலவை, பேல் கட்டு, கப்பல். நம்ம ஊர் செக்கிங் டேபிளில் நிற்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லைங்க. கடைசியில் அடி யார் மேல் விழும் என்பதும் தெரியும், முன்பணம் வாங்கின தறிக்காரர் மேல்தான்.

10 பவுன் சம்பளக்காரர் பணக்காரர் ஆனது எப்படி? கம்பெனி ஆட்கள் சொந்தக் கணக்கிலும் வியாபாரம் பண்ணலாம். யேல் வைரத்திலும் கை வைத்தார். 1680-இல் கோட்டைக்குள் செயின்ட் மேரி சர்ச் கட்டி முடிந்ததும் அங்கே நடந்த முதல் கல்யாணமே இவருடையதுதான். பெண் கேத்தரின், ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரியின் விதவை. இவர்களுடைய மகன் டேவிட் 1688-இல் சின்னக் குழந்தையாகவே இறந்துபோனான். 1690-இல் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கி செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார் யேல். வேல்ஸ் நாட்டுப் புனிதரின் பெயர் என்பார்கள், செத்துப்போன பிள்ளையின் நினைவு என்பாரும் உண்டு. பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரைக்கும் நிலம் என்பது பேரம். எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்றே பெயர் வந்தது.

மெச்ச முடியாத பக்கமும் இருக்கிறது. 1680-களின் பஞ்சத்தில் ஜனங்கள் தங்களையே விற்கும் நிலை. ஐரோப்பாவுக்குப் போகிற கப்பல் ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 அடிமைகளை ஏற்ற வேண்டும் என்ற உத்தரவை யேல் கவர்னராக இருந்தபோது அமல்படுத்தினார். 1688-இல் கோட்டையில் அந்த வியாபாரத்துக்குத் தடை வந்தது, மொகலாய அரசின் நெருக்குதல் அதில் ஒரு காரணம்.

1692-இல் கம்பெனி இவரைப் பதவியிலிருந்து தூக்கியது. கம்பெனிப் பணத்தைச் சொந்த லாபத்துக்குத் திருப்பினார், இஷ்டப்படி நடந்தார் என்றெல்லாம் புகார். அடுத்து வந்த கவர்னர் நத்தானியேல் ஹிக்கின்சன் யார் தெரியுமா? 1688-இல் மதராசின் முதல் மேயர் ஆனவர். அவரும் அமெரிக்காவில், கனெக்டிகட்டில் பிறந்தவர்! அட்லாண்டிக் தாண்டிப் போன இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள் அடுத்தடுத்து மதராசை ஆண்டிருக்கிறார்கள்.

விசாரணை, வழக்கு என்று இழுத்து, யேல் 1699-இல்தான் லண்டன் போனார். அதே நியூ ஹேவனில் ஒரு கல்லூரி பணமில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தது. காட்டன் மாதர் என்ற பாஸ்டன் பாதிரியார், கல்லூரிக்கு உங்கள் பெயரே வைக்கலாமே என்ற தோரணையில் இவருக்குக் கடிதம் எழுதினார். (பெயர் காட்டன்தான், ஆனால் பஞ்சு வியாபாரி இல்லை!) 1718-இல் யேல் அனுப்பியது 417 புத்தகம், முதலாம் ஜார்ஜ் மன்னர் படம் ஒன்று, ஒன்பது பேல் சரக்கு. அதில் காலிகோ, மஸ்லின், பாப்ளின் எல்லாம் இருந்தன. விற்றதில் 562 பவுன் கிடைத்தது. கட்டடம் எழும்பியது, யேல் கல்லூரி என்று பெயரும் ஆயிற்று. கொடுத்த பணத்துக்கு இது ரொம்ப மலிவான பெயர் என்று எனக்குத் தோன்றும்.

1721 ஜூலை 8 அன்று லண்டனில் இறந்தார். அடக்கம் மட்டும் மூதாதையர் ஊரான ரெக்ஸத்தில்.

1719 வாக்கில் வரைந்த ஒரு படம் இருக்கிறது. யேல் உறவினர்களோடு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார். ஓரத்தில் ஒரு சிறுவன் நிற்கிறான், கழுத்தில் பூட்டிய உலோக வளையம். பாட்டி, சித்தப்பா, கப்பல் பெயர் வரை யேல் வம்சத்தைத் தேடி எடுக்க முடிகிறது. அந்தப் பையன் பெயரை ஆராய்ச்சி செய்தவர்களாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. யேல் பல்கலைக்கழகத்து மியூசியத்தில் அந்தப் படத்தை 2020-இல் சுவரிலிருந்து இறக்கினார்கள். பையனைப் பற்றி விசாரித்து எழுதிய குறிப்போடு பிறகு மறுபடி மாட்டினார்கள். 2024 பிப்ரவரியில் அடிமை முறையோடு தனக்கிருந்த பழைய தொடர்புக்காகப் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது.