சோப்புநீரைப் படித்தவர்

சிவகாசி வட்டாரப் பட்டாசுத் தொழிற்சாலைகளில் மருந்து கலக்குவோரின் கைகளில், வேலை முடியும் வேளையில் அலுமினியத் தூள் வெள்ளியாய் மினுங்கும். தோலின் எண்ணெய்ப்பசையைப் பற்றிய அத்தூள் வெறும் நீருக்கு எளிதில் அசைந்து கொடுப்பதில்லை. சோப்பு பட்டால் கழன்றோடும். அந்தச் சோப்புநீருக்குள் நிகழ்வது என்ன என்னும் வினாவிற்குத் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை ஈந்தவர் ஜேம்ஸ் வில்லியம் மெக்பெயின்.

1882இல் கனடாவில் பிறந்த அவர், டொராண்டோவிலும் ஜெர்மனியிலும் பயின்றவர். 1906இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆசிரியப்பணி ஏற்றார். அங்கே சோப்புக் கரைசல் அவரைத் திகைக்க வைத்தது. அது மின்சாரத்தை நன்கு கடத்தியது. எனவே அதில் அயனிகள் நிறைந்திருத்தல் வேண்டும். ஆனால், ஆவியழுத்தம் எவ்வளவு தாழ்ந்தது என அளந்தபோதோ, தனித்தனித் துகள்கள் மிகக் குறைவு என்றது கணக்கு. இரண்டு அளவீடுகளிலும் பிழையில்லை. எனினும் ஒன்றையொன்று மறுத்தன. 1913இல் மெக்பெயின் அம்முடிச்சை அவிழ்த்தார். சோப்பு அயனிகள் பல தாமாகவே ஒன்றுகூடி, மின்னூட்டம் கொண்ட திரள்களாகின்றன என்றார். அத்திரளே மிசெல்.

அறிஞர் அவையொன்றில் இக்கருத்தை அவர் முன்வைத்தபோது, தலைமை வகித்தவர் பொருளற்றதெனத் தள்ளிவிட்டார் என்று வேதியியலார் இன்றும் சொல்வதுண்டு. மறுப்புக்கு விடையாக அளவீடுகளே வந்தன. பனிநிலை, உறைநிலை, மின்கடத்துதிறன் என அவரும் உடனாய்வாளர்களும் ஆண்டுக்கணக்கில் அளந்தனர்.

திரள்வதன் காரணத்தைப் பின்வந்தோர் வெப்ப இயக்கவியலால் தெளிவுபடுத்தினர். சோப்பு மூலக்கூறின் தலை நீரை நாடும்; வால் நீரை வெறுக்கும். வாலைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகள் ஒருவகை ஒழுங்கில் கட்டுண்டு நிற்கின்றன. செறிவு ஒரு வரம்பைக் கடந்ததும் வால்கள் உள்ளொடுங்கிக் குழும, நீர் விடுபடுகிறது, என்ட்ரோபி கூடுகிறது. நீரின் ஒழுங்கு குலைவதாலேயே மூலக்கூறுகள் ஒழுங்காய்த் திரள்கின்றன என்பது வியப்பன்றோ! அத்திரளின் உட்புறத்தில்தான் எண்ணெய் அடைக்கலம் புகுகிறது.

மெக்பெயின் கருதியவை அனைத்தும் நிலைபெறவில்லை. அடுக்குவடிவத் திரள்களை அவர் விடாது வலியுறுத்தினார். நீர்த்த கரைசலைப் பொறுத்தவரை, ஹார்ட்லி 1936இல் விளக்கிய கோளவடிவமே ஏற்கப்பட்டது. ஆயினும் திரள் உண்டு என்பதில் ஐயம் எழவில்லை. 1939இல் இராயல் கழகம் அவருக்கு டேவி பதக்கம் வழங்கியது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய பின்னர், முதுமையில் அவர் இந்தியா வந்தார். புனேயில் தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் அவரே. 1950 சனவரி 3ஆம் நாள் அதனை நேரு திறந்து வைத்தார். புதிய கூடங்களில் இளம் ஆய்வாளர்கள் பணி தொடங்கியதைக் கண்டு, 1952இல் பொறுப்பிலிருந்து விலகிய மெக்பெயின், மறு ஆண்டு மார்ச் திங்களில் காலமானார்.