நீர் தந்த படைவீரர்

மும்பைக்கு அருகிலுள்ள புனே நகரில் 1841ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் ஜான் பென்னிகுவிக் பிறந்தார். அவருடைய தந்தை ஆங்கிலேயப் படைத்தளபதி. 1849இல் பஞ்சாபில் சில்லியன்வாலா என்னும் ஊரில் நடந்த போரில் தந்தையும் அண்ணனும் ஒரே நாளில் மாண்டனர். அப்போது பென்னிகுவிக்கிற்கு எட்டு வயது நிறைவடைய இரண்டு நாள்களே இருந்தன.

வளர்ந்ததும் அவரும் படையில் பொறியாளராகச் சேர்ந்தார். 1868இல் அபிசீனியப் போரில் பங்கேற்றுப் பதக்கம் பெற்றார். எனினும், அவர் புகழை நிலைநாட்டியது போரன்று, நீரே.

மழை பொய்த்தபோதெல்லாம் வைகைக்கரை உழவர்கள் பஞ்சத்தால் வாடினர். மலைக்கு அப்பால் பெரியாறோ மேற்கே ஓடிக் கடலில் கலந்தது. அந்நீரை அணையிட்டுத் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் பணி 1887இல் அவர் தலைமையில் தொடங்கியது. கட்டியவற்றை வெள்ளம் அடித்துச் சென்றது. காய்ச்சலால் தொழிலாளர் பலர் மடிந்தனர். ஆயினும் பணி தொடர்ந்தது. 1895இல் முல்லைப் பெரியாறு அணை நிறைவுற்றது.

பென்னிகுவிக்கிற்கு ஐந்து மகள்களும் ஒரு மகனும் இருந்தனர். 1911இல் அவர் இங்கிலாந்தில் மறைந்தார். தேனிப் பகுதி உழவர்கள் இன்றும் அவர் பிறந்தநாளில் பொங்கலிட்டு வணங்குகின்றனர்; தம் பிள்ளைகளுக்கும் அவர் பெயரைச் சூட்டுகின்றனர்.