கட்டுமரத்தை ஏட்டில் ஏற்றிய கடற்கொள்ளைக்காரர்

(இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன், திருமுருகன்பூண்டி)



ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்று சொல்கிறார்களே, அது நம்ம தமிழ்ச் சொல். கட்டிய மரம், கட்டுமரம். இன்றைக்கு வசதியுள்ளவர்கள் குடும்பத்தோடு கடல் சுற்றப் போகிற இரட்டை உடல் பாய்மரப் படகுக்கு உலகம் முழுக்க அந்தப் பேர்தான். அந்தச் சொல்லை ஆங்கில அச்சுப் புத்தகத்தில் ஏற்றிய ஆரம்ப காலத்து ஆட்களில் ஒருவர்தான் வில்லியம் டாம்பியர். உலகத்தை மூன்று முறை சுற்றி வந்த முதல் மனிதர். கூடவே கடற்கொள்ளைக்காரர்!

கொள்ளைக் கதை எங்க ஊருக்குப் புதுசு இல்லை. சுந்தரரை வழிமறித்துப் பொருளைப் பறித்த கதைதான் திருமுருகன்பூண்டிக் கோயிலின் கதை. அங்கே பறிபோனது திரும்பக் கிடைத்தது. டாம்பியர் கொள்ளையடித்தது எதுவும் அவரிடம் தங்கவில்லை. எழுதி வைத்தது மட்டும் தங்கியது.

இங்கிலாந்தில் சாமர்செட் பகுதி, ஈஸ்ட் கோக்கர் கிராமம். அங்கே குத்தகை விவசாயி வீட்டில் 1651-ல் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா அம்மா இருவரும் இறந்துவிட்டார்கள். எழுத்தும் கணக்கும் கொஞ்சம் படித்ததோடு கப்பல் வேலைக்குப் போய்விட்டார். பிறகு மெக்சிகோவில் காம்பீச்சி வளைகுடாவில் மரம் வெட்டினார். அது சாதாரண மரம் இல்லை, லாக்வுட் என்ற சாயமரம். ஐரோப்பாவில் துணிக்குக் கறுப்பும் ஊதாவும் ஏற்ற அதைத்தான் கொதிக்க வைத்தார்கள். சாயப்பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு இதைப் படித்ததும் ஆள் நம்ம பக்கத்துக்காரர் மாதிரியே தோன்றியது! 1676 ஜூன் மாதப் புயல் அந்தப் பிழைப்பை அடித்துக்கொண்டு போனது. பிறகுதான் அவர் கொள்ளைக் கூட்டத்தில் சேர்ந்தார்.

ஆனால் மற்றவர்கள் தங்கத்தைக் காப்பாற்றினார்கள், இவர் நோட்டைக் காப்பாற்றினார். 1681-ல் பனாமா காட்டு ஆறுகளைக் கடக்கும்போது, குறிப்புகளை மூங்கில் குழாயில் போட்டு, இரு முனையையும் மெழுகால் அடைத்து எடுத்துப் போனார். காற்று, நீரோட்டம், மரம், மீன், படகு... எதைப் பார்த்தாலும் எழுதுவார். 1686-ல் குவாம் தீவில், பக்கவாட்டில் மிதவைக் கட்டை கட்டிய மெல்லிய பாய்மரப் படகுகளைப் பார்த்தார். சும்மா வியந்துவிட்டுப் போகாமல் அதில் ஏறி வேகத்தை அளந்தும் பார்த்தார். மணிக்கு 24 மைல் ஓடும் என்பது அவர் கணிப்பு. அந்தக் காலக் கப்பல்கள் கனவிலும் காணாத வேகம் அது.

இரண்டு வருஷம் கழித்து அதே மாதிரி மிதவை அவர் உயிருக்கே பிணையாக வந்தது.

1688 மே மாதம். கொள்ளைக் கூட்டத்தோடு வெறுத்துப்போய், கப்பலை விட்டு நிக்கோபர் தீவில் இறங்கிவிட்டார். கூட இரண்டு ஆங்கிலேயர், சுமத்திராவின் ஆச்சே ஊர்க்காரர் நாலு பேர், போர்ச்சுக்கீசியக் கலப்பினர் ஒருவர். ஒரு கோடாலியைக் கொடுத்துத் தீவுக்காரர்களிடம் ஒரு மரத்தோணி வாங்கினார்கள். சாமானோடு ஏறிப் புறப்பட்டதும் தோணி கவிழ்ந்தது! நல்லவேளை, கரை பக்கம். நனைந்த புத்தகங்களைக் காய வைக்க மூன்று நாள் ஆயிற்று. அந்த நாட்களில் ஆச்சேக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பாய்மரம் வெட்டி நட்டு, தோணியின் இரு பக்கமும் கழிகளை நீட்டி மிதவைக் கட்டை கட்டினார்கள். பக்கத்துக்கு ஒன்று!

நண்பர்களே, நாம் படிக்கிற மெக்கானிக்ஸ் இங்கேதான் இருக்கிறது. ஒடுங்கின தோணி சாய்ந்தால் அதை நிமிர்த்த ஆளில்லை. தூரத்தில் ஒரு மிதவை இருந்தால், சாய்கிற பக்கம் அது தண்ணியில் அமுங்கும், தண்ணி அதை மேலே தள்ளும். தூரம் கூடக் கூட நெம்புகோலின் கை நீளம், பலமும் அதிகம். இன்றைய இரட்டை உடல் படகு நிற்பதும் இந்தக் கணக்கில்தான்.

மே 15 சாயங்காலம் கிளம்பினார்கள். சுமார் 200 கிலோமீட்டர் திறந்த கடல். டாம்பியரிடம் ஒரு சின்ன திசைகாட்டியும், கப்பல் வரைபடத்தைப் பார்த்து முன்பே எழுதி வைத்திருந்த குறிப்பும் இருந்தன. மே 18 அன்று சூரியனைச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டது. காற்று பக்கவாட்டில் அறைந்தது. மிதவைக் கழிகள் ஒடிந்துவிடுவது போல வளைந்தன. ஒடிந்தால் எட்டுப் பேரும் காலி. உடனே பாயைக் குறைத்து, காற்று போகும் போக்கிலேயே தோணியை ஓட விட்டார்கள். ராத்திரி முழுக்க அலை, இடி, மழை.

எத்தனையோ சண்டை பார்த்தவர் அன்று நடுங்கினார். சண்டையில் ரத்தம் சூடாக இருக்கும், பயம் தெரியாது. இங்கே சாவு மெல்ல மெல்ல நடந்து வந்தது. தன் பழைய வாழ்க்கையை நினைத்து வெட்கப்பட்டதாக அவரே பின்னாளில் எழுதினார். தன் பயத்தை அச்சிலேற்ற எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? விடிந்ததும் ஆச்சேக்காரர் ஒருவர் தீவின் பேர் சொல்லிக் கத்த, இவர்கள் துடுப்புப் போடச் சொல்வதாக நினைத்துக் கொண்டார்களாம்! ஒருவழியாகக் கரை சேர்ந்தார்கள்.

1690-ல் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் சில மாதம் தங்கினார். சோழமண்டலக் கரையில் அவர் பார்த்த கட்டுமரம் 1697-ல் வந்த அவர் பயணப் புத்தகத்தில் இடம் பெற்றது. ஒன்றிரண்டு லேசான கட்டை, ஒரே ஆள், அவன் இடுப்புக்குக் கீழே எப்போதும் தண்ணியில்! பார்க்கத்தான் அது பயம். கட்டுமரத்துக்குள் தண்ணி புக உள்ளே என்று ஒன்றே கிடையாது. மரமே மிதக்கும்.

இன்றைய மாலுமிகளின் சண்டையும் இதுதான். ஒற்றை உடல் பாய்ப்படகுக்கு அடியில் ஈயமோ இரும்போ இருக்கும். நன்றாகச் சாய்ந்தாலும் நிமிரும், ஆனால் தண்ணி நிறைந்தால் அந்தப் பாரமே கீழே இழுத்துவிடும். இரட்டை உடல் படகு தட்டையாக நிற்கும், லேசில் சாயாது. ஆனால் ஒரு பக்கம் தண்ணியை விட்டு எழும்பும்போதே அதன் எதிர்ப்புப் பலம் உச்சத்தைத் தொட்டுவிடும். அதைத் தாண்டிக் கவிழ்ந்தால் தானாக நிமிராது. கவிழ்ந்தபடியே பெரும்பாலும் மிதக்கும். ஆகவே காற்று மிஞ்சுவதற்கு முன்பே பாயைக் குறைப்பவனுக்கு அது பத்திரம். 1688-ல் அந்தத் தோணியில் நடந்ததும் அதுதான்.

டாம்பியரைத் தலையில் தூக்கி வைக்க வேண்டியதில்லை. கேப்டனாக 'ரோபக்' கப்பலில் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். திரும்பும்போது 1701-ல் அது அசென்ஷன் தீவருகே மூழ்கியது. தன் கீழ் அதிகாரியைக் கொடுமைப்படுத்தியதற்காக 1702-ல் ராணுவ விசாரணையில் தண்டனை பெற்றார். 1715-ல் லண்டனில் கடனாளியாகச் செத்தார்.

ஆனாலும் ஒன்று மனசை உறுத்துகிறது. மிதவை கட்டி எட்டு உயிரைக் காத்த அந்த நாலு பேரை உலகத்துக்குத் தெரியாது. எழுதியவர் பேர் மட்டும் நின்றது. எங்க அப்பா பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறார். சத்தத்தை வைத்தே எந்த ஊசி உடைஞ்சிருக்குன்னு சொல்லிடுவார். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்க வீட்டில் எழுதப் படித்து டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். உங்களில் பலரும் அப்படித்தானே? நம்ம வீட்டுப் பெரியவர்களின் தொழில் அறிவை, அவர்கள் பேரோடு, நோட்டில் எழுதி வைப்போம். மூங்கில் குழாய்க்கு நாம் எங்கே போக... ஒரு நாற்பது பக்க நோட்டு போதுமே!